இப்பிமலையும் காப்பிரியும்: கூடலூர் - ஸ்ரீமதுரைப் பகுதிப் பணியர்மீது படிந்த இனநோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நீலகிரி மாவட்டக் கூடலூர் வட்டத்தில் வாழும் பணியர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்னும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தோட்டக்காரரிடையே பரவியிருந்தது. அக்கருத்து எத்தகைய உழைப்புச் சூழலில் வேர்கொண்டது, அருங்காட்சியக அளவீட்டிலும் குருதி ஆய்விலும் எவ்வாறு உருமாறியது, பணியரும் அவர்தம் அண்டைப் பழங்குடியினரும் அதற்கு அளித்த மறுமொழி எத்தகையது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: பணியர், ஸ்ரீமதுரை, கூடலூர், எட்கர் தர்ஸ்டன், இப்பிமலை, நிறப்பாகுபாடு, ஜன்மம் நிலம்

வயலும் பாடியும்

முதுமலைக் காட்டின் விளிம்பை ஒட்டிக் கிடக்கும் ஸ்ரீமதுரை, நீலகிரி என்றவுடன் நினைவுக்கு வரும் உதகை, குன்னூர்ச் சூழலிலிருந்து பெரிதும் வேறுபட்டது. இங்குப் பள்ளங்களில் நெல் விளைகிறது. மேடுகளில் தேயிலையும் காப்பியும் மிளகும் வளர்கின்றன. மக்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து ஓடுகின்றன. இப்பகுதி நில அமைப்பால் வயநாட்டு மேட்டுநிலத்தைச் சார்ந்தது. தென்கிழக்கு வயநாட்டின் நம்பாலக்கோடு, சேரங்கோடு, முன்னநாடு ஆகிய அம்சங்கள் 1877இல்தான் மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு இணைக்கப்பட்டன. ஆட்சி எல்லை மாறிய பின்னரும் மலபாரின் ஜன்ம நிலவுடைமை இங்கு மாறவில்லை. கூடலூர் நிலத்தின் பெரும்பகுதிக்கு நிலம்பூர்க் கோவிலகம் ஜன்மியாக விளங்கியது. செட்டிகள் வயல்களைப் பயிரிட்டனர். அவ்வயல்களில் நாற்று நட்டும் களை பறித்தும் கதிர் அறுத்தும் வந்தவர்கள் பணியர்கள்.

'பணியன்' என்ற பெயரே வேலையாள் என்று பொருள்படுவது. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் அக்கூட்டத்தின் மொழியிலோ ஊரிலோ வழிபாட்டிலோ வேர்கொள்ளாமல், பிறருக்கு அவர்கள் செய்யும் வேலையில் வேர்கொண்டிருப்பது கருதத்தக்கது. அவர்களின் குடியிருப்பு 'பாடி' எனப்பட்டது. பாடியின் தலைவனான குட்டனை நியமிக்கும் உரிமை நிலக்கிழாரிடம் இருந்தது. இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டத்தின் ஏற்பிலிருந்து நீக்கிய 1843ஆம் ஆண்டுச் சட்டமும், அடிமையை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கி 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமும் ஏட்டளவில் இம்மலைப்பகுதிக்கும் உரியனவே. ஆயினும் மானந்தவாடியை அடுத்த வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் முன்பணம் கொடுத்து ஓராண்டுக்குப் பணியரை ஒப்பந்தம் செய்யும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் தொடர்ந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பணியர் கேரளத்தில் ஏறத்தாழ 88,000 பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10,000 பேர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றனவாக அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு பழங்குடிகளுள் பணியரும் ஒருவர்.

கரை ஒதுங்கிய கப்பல்

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், 1909இல் வெளிவந்த தம் ஏழு தொகுதி நூலில் ஒரு வதந்தியைப் பதிவு செய்கிறார். பணியரின் தோற்றத்தைக் கண்ட ஐரோப்பியத் தோட்டக்காரர்கள், மலபார்க் கரையில் உடைந்த கப்பலிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களே இவர்கள் என்று பரவலாக நம்பினர் என்பது அது. விசாரித்துப் பார்த்தால் இக்கருத்து நிற்காது என்று அவரே கூறிவிடுகிறார். பணியரின் பேச்சு மலையாளத்தோடு நெருங்கிய திராவிட மொழி. ஆப்பிரிக்கத் தொடர்புக்கு அதில் தடயம் இல்லை.

தர்ஸ்டன் மறுத்துவிட்டதால் பிற்கால ஆய்வாளர்கள் இக்கதையை ஒரு வேடிக்கைச் செய்தியாகக் கருதிக் கடந்துவிட்டனர். கதையின் உண்மை பொய்யைவிட அது தோன்றிய இடமே வரலாற்றாய்வுக்கு முதன்மையானது. கப்பல் கதையைச் சொன்னவர்கள் யார்? செட்டிகளோ நாயர்களோ குறும்பர்களோ சொன்னதாகப் பதிவு இல்லை. அவர்கள் பணியரை இழிவாக நடத்தியிருக்கலாம். ஆனால் தொலைதூரக் கண்டத்தவராகக் கருதவில்லை. கதையைச் சொன்னவர் காப்பித் தோட்டக்காரர்.

வயநாட்டுக்கு வந்த ஐரோப்பியத் தோட்டக்காரருள் இலங்கையில் காப்பி பயிரிட்டுத் தேர்ந்தவர்கள் உண்டு. இலங்கைத் தோட்டக்காரர் கையில் வழிகாட்டியாக இருந்த நூல்களுள் ஒன்று, பி. ஜே. லபோரி என்பவர் சான் டொமிங்கோவின் காப்பித் தோட்டங்களைப் பற்றி எழுதி 1798இல் வெளியிட்டது. அது ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டங்களைப் பற்றிய நூல். கன்றை எந்த இடைவெளியில் நடுவது, பழத்தை எவ்வாறு பதப்படுத்துவது என்பவற்றோடு அடிமைகளை எவ்வாறு நிருவகிப்பது என்பதும் அதில் பாடமாக இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் பயிர்முறை இலங்கை வழியாகத் தென்னிந்திய மலைகளுக்கு வந்தபோது, கறுத்த உடலைக் கண்டவுடன் 'தோட்டத்துக்கு உரிய உடல்' என்று அடையாளம் காணும் கண்ணும் உடன்வந்தது எனக் கொள்வது பொருந்தும். கப்பல் உடைந்ததாகச் சொல்லப்படும் கதையில் யாரும் யாரையும் விலைக்கு வாங்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. அடிமை வாணிகத்தின் சாயல் முழுவதும் இருந்தும், வாணிகன் மட்டும் அக்கதையில் இல்லை.

தர்ஸ்டனின் பதிவில் மற்றொரு குறிப்பு உண்டு. தங்கள் பூர்வீகம் 'காப்பிரி' என்று சொல்லும் பணியரும் சிலர் இருந்தனர். ஆனால் ஐரோப்பியரின் பேச்சு காதில் விழுந்தவர்கள் மட்டுமே அவ்வாறு கூறினர். காப்பிரி என்பது அரபிச் சொல்லின் வழியாக வந்து ஆப்பிரிக்கரைக் குறிக்கத் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய பெயர். கொச்சியில் போர்ச்சுக்கீசியர் காலத்து ஆப்பிரிக்க அடிமையின் ஆவியாகக் கருதப்படும் காப்பிரி முத்தப்பனுக்கு இன்றும் விளக்கேற்றுகின்றனர். ஆக, ஆள்பவனின் ஊகம் ஆளப்படுபவனின் வாய்மொழியாக மாறி, மீண்டும் ஆய்வாளனின் ஏட்டில் 'தகவல்' ஆக ஏறும் வட்டம் ஒரு தலைமுறைக்குள் நிறைவெய்தியது. களஆய்வு முறையியல் கற்பிப்போர் எடுத்துக்காட்டத் தகுந்த இடம் இது.

மூக்கின் அகலம்

கப்பல் கதையை மறுத்த தர்ஸ்டன் அதற்கு ஈடாக வைத்தது அளவுகோலை. பணியர் பற்றிய அவரது அளவீடுகள் அருங்காட்சியகத்தின் 1897ஆம் ஆண்டு வெளியீட்டில், நீலகிரியின் படகர், இருளர் பற்றிய அளவீடுகளோடு இடம்பெற்றன. மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கி வரும் எண்ணே மூக்குக் குறியீடு. பணியரின் சராசரி 95.1 என்று அவர் கணக்கிட்டார். அவரது பட்டியல்களில் மிக உயர்ந்த எண்களுள் அது ஒன்று. மூக்கு அகல அகலச் சமூகப் படிநிலை தாழும் என்று 1890களில் எச். எச். ரிஸ்லி வங்காள அளவீடுகளைக் கொண்டு வாதிட்டுவந்த காலம் அது. 95.1 என்ற எண் அச்சேறிய கணத்திலேயே அதற்குரிய இடமும் முடிவாகிவிட்டது. தோட்டக்காரரின் வதந்தியை அறிவியல் விலக்கியது. வதந்திக்குள் இருந்த தரவரிசையை விலக்கவில்லை.

அளக்கப்பட்டவர்கள் இதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதும் தர்ஸ்டன் எழுத்திலேயே உள்ளது. வயநாட்டில் அவரைக் கண்ட பணியப் பெண்கள் ஓடிவிட்டனராம். தங்களுள் நல்ல உடலமைப்புக் கொண்டவர்களைப் பிடித்துப் பதப்படுத்திப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அஞ்சினராம். இதைச் சொல்லிவிட்டு, அவ்வாறு செய்ய மட்டும் இயன்றால் உயிருள்ளவரைக் கொண்டு உருவ மாதிரி செய்யும் தொல்லை தீருமே என்று தர்ஸ்டன் நகைச்சுவையாகச் சேர்க்கிறார். பழங்குடியினரின் பேதைமைக்குச் சான்றாகவே அவர் இந்நிகழ்ச்சியைக் கூறினார். இன்று வாசிக்கும்போது அப்பெண்களின் மதிப்பீட்டில் பிழை காண்பது கடினம். விலங்குகளையும் பறவைகளையும் பதப்படுத்தி வைக்கும் நிறுவனத்தின் தலைவர் அளவுகோலோடு வருகிறார். எதற்காக வருகிறார் என்பதை அவர்கள் தம் அறிவுக்கு எட்டியவரை சரியாகவே கணித்தனர். ஓடியது அவர்கள் பதிவு செய்த மறுப்பு. அந்நூலில் பணியப் பெண்களின் கருத்து என்று கொள்ளத்தக்கது ஏதேனும் இருப்பின், அது இந்த ஓட்டமே.

தர்ஸ்டன் நூல், 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற பெயரில் க. ரத்னம் மொழிபெயர்ப்பில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடாகத் தமிழில் வந்தது. தமிழாய்வுக்கு அது பெருந்துணை. ஆனால் பணியர் இயல் தொடங்கும் முறையும் அதனோடு தமிழுக்கு வந்தது: முதலில் தோலின் நிறம், அடுத்து உயரம், அடுத்து மூக்கு, அடுத்து முடி, பிறகே வாழ்விடமும் வழக்கமும். ஒரு சமூகத்தை அறிமுகப்படுத்தும்போது உடலிலிருந்து தொடங்குவது இயல்பான ஒழுங்கு போலத் தோன்றுகிறது. தஞ்சை வேளாளரைப் பற்றியோ நாட்டுக்கோட்டை நகரத்தாரைப் பற்றியோ எழுதுவோர் இந்த ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை.

குருதியின் சான்று

அளவுகோல் மதிப்பிழந்த பின் குருதி வந்தது. நீலகிரிப் பழங்குடிகள் சிலரிடம் அரிவாள் வடிவச் சிவப்பணுப் பண்பு காணப்படுவதை எச். லேமனும் மேரி கட்புஷும் 1952இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதுவரை பெரும்பாலும் ஆப்பிரிக்க வழியினருக்கே உரியதாகக் கருதப்பட்ட பண்பு அது. கப்பல் கதைக்கு உயிர் கொடுக்க இதைவிட வாய்ப்பான சான்று கிடைத்திராது. லேமன் சென்றதோ எதிர்த்திசையில். இலங்கை வேடரின் பெயரால் 'வெட்டாய்டு' என்று அழைக்கப்பட்ட பழைய இனத்தாரிடம் தோன்றிய இம்மரபணு, அரேபியா வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது என 1954இல் அவர் எழுதினார். கப்பல் இப்போது மறுதிசையில் ஓடியது. அக்கட்டுரை வெளியான இதழின் பெயரில் 'இனமேம்பாட்டியல்' என்ற சொல் இருந்தது.

1986இல் குலோசிக்கும் அவர்தம் குழுவினரும் இந்திய, அரேபிய நோயாளிகளிடம் காணப்படும் மரபணுச் சூழல் ஆப்பிரிக்க வகைகளிலிருந்து வேறுபட்டிருப்பதைக் காட்டி, ஆசியாவில் இது தனியே தோன்றியிருக்க வேண்டும் என்றனர். 2018இல் ஷ்ரைனரும் ரோட்டிமியும் முழுமரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து, ஆப்பிரிக்காவில் ஒரே முறை தோன்றிய மாற்றமே எங்கும் பரவியது என்று வாதிட்டனர். எம்முடிவு நிலைபெறினும் அது ஒரு மரபணு மாற்றத்தின் வரலாறே. மலேரியா மிகுந்த நிலங்களில் அம்மாற்றம் நிலைத்ததற்குக் காரணம், மலேரியாவுக்கு எதிராக அது தரும் பாதுகாப்பு. ஒரு மக்களின் வருகைக் கதையை ஒரு மரபணுவின்மேல் ஏற்றுவதற்கும் 95.1 என்ற எண்ணின்மேல் ஏற்றுவதற்கும் முறையியல் அளவில் பெரிய வேறுபாடு இல்லை.

1952இல் எடுத்த குருதி கேட்ட கேள்வி, இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது. இவர்களுக்கு மூட்டுவலியும் சோகையும் ஏன் வருகின்றன என்று இப்பகுதியில் முறையாகக் கேட்கப்பட்டது பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே. அஷ்வினி அமைப்பு 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில், பயிற்சி பெற்ற ஆதிவாசிப் பெண்கள் செவிலியராகப் பணியாற்றி, அதே சிவப்பணுவைச் சிகிச்சைக்காகச் சோதித்தனர். அளவுகோலைக் கண்டு பெண்கள் ஓடிய மலையில், ஊசியை ஏந்திய கை அவர்கள் இனத்தாரின் கையாக மாறியது.

கறுப்பருக்குள் கறுப்பர்

கூடலூரில் பணியரைக் கறுப்பர் என்று சுட்டுவோரும் வெண்ணிறத்தவர் அல்லர். சமவெளித் தமிழர், மலையாளிகள், 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழி இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தாயகம் திரும்பியோர் என இங்கு நிறம் பலவகை. தாயகம் திரும்பியோர் தாமே இலங்கையில் குடியுரிமை பறிக்கப்பட்டு இனஇழிவுக்கு ஆளானவர்கள். ஆகவே இங்குக் 'கறுப்பு' தோலை மட்டும் குறிக்கும் சொல்லாக இல்லை. அது முடியின் சுருளையும் பேச்சின் ஓசையையும் வயல் வேலையையும் பாடியில் பிறந்த பிறப்பையும் ஒருசேரக் குறிக்கிறது. பள்ளியில் முடியைப் பிடித்துக் கேலி செய்வதும், பெயருக்கு மாற்றாகச் சாதியைச் சொல்லி அழைப்பதும், வயதில் மூத்தவரையும் ஒருமையில் விளிப்பதும் எந்தச் சட்டப்பிரிவிலும் எளிதில் அடங்காதவை. பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடும்போது மட்டும் அவை 'இடைநிற்றல்' என்ற தலைப்பில் புள்ளிவிவரமாகின்றன. 1990களின் நடுப்பகுதியில் கூடலூரின் வித்யோதயா பள்ளி ஆதிவாசிக் குழந்தைகளுக்கான பள்ளியாக மாறியதை இப்பின்னணியில் காண வேண்டும்.

ஆப்பிரிக்க வழி உண்மையாகவே உள்ள இடத்தில் நிலைமை யாது? கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டச் சித்திகள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் வீரர்களாகவும் கொண்டுவரப்பட்டோரின் வழியினர். 1980களின் இறுதியில் இந்திய விளையாட்டு ஆணையம் அவர்களுள் இளையோரைத் திரட்டித் தடகளப் பயிற்சி அளித்தது. ஆப்பிரிக்க உடல் ஓடும் உடல் என்பதே அதன் அடிப்படை. சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2003இல். பணியர் ஆப்பிரிக்கர் அல்லர்; சித்திகள் ஆப்பிரிக்க வழியினர். ஆயினும் இரு சமூகங்களையும் நோக்கிய கண் ஒன்றே. எனவே 'பணியர் ஆப்பிரிக்கர் அல்லர்' என்று நிறுவுவதை அவர்களுக்குச் செய்யும் நீதியாகக் கருதுவோர் தயங்க வேண்டும். ஆப்பிரிக்கராக இருப்பது இழுக்கு என்று முன்னரே ஒப்புக்கொண்டவரே அம்மறுப்பில் ஆறுதல் காண முடியும்.

தமிழ் மரபில் கருமைக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகு மாமை. அம்மாமையைக் கெடுக்கும் நோயே பசலை. முல்லைத் தெய்வம் மாயோன். இருபதாம் நூற்றாண்டில் திராவிடர் கழகம் கருஞ்சட்டையை இழிவு நீக்கப் போரின் அடையாளமாக்கியது. இவற்றை எடுத்துக்காட்டித் தமிழரின் நிறப்பெருமையை நிறுவும் கட்டுரைகள் பல. அப்பெருமை ஸ்ரீமதுரையின் பாடிவரை எட்டவில்லை என்பதும் அக்கட்டுரைகளில் இடம்பெற வேண்டிய செய்தி.

இப்பி

பணியர் தம் பூர்வீகமாகக் கூறுவது இப்பிமலை. தர்ஸ்டன் நூலில் இதுவும் ஜன்மிகளின் வாய்வழியாகவே வருகிறது: ஏதேனும் குறும்பு செய்து பிடிபடும்போது பணியன் 'இப்பி, இப்பி' என்று கத்திக்கொண்டு ஓடுவான், அது அவன் வந்த நாட்டின் பெயராக இருக்கலாம் என்பர். அதே பதிவில் பணியருக்குரிய ஒரு மரபுக்கதையும் உண்டு. தொலைநாட்டில் வாழ்ந்த தங்களை ஓர் அரசன் வேட்டை வலை வீசிப் பிடித்துக் கொண்டுவந்தான் என்பது அது. அப்போது கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரே துணி இருந்ததாம். பதிவாளர்கள் இதைப் பணியரின் அச்ச மிகுதிக்குச் சான்றாகக் கொண்டனர்.

தோட்டக்காரரின் கதையையும் இக்கதையையும் அருகருகே வைத்தால் வேறுபாடு வெளிப்படும். முன்னதில் பணியர் விபத்தால் வந்தவர், யாரும் பொறுப்பில்லை. பின்னதில் வலை இருக்கிறது, வலையை வீசியவனும் இருக்கிறான். பூர்வீக மலை எங்குள்ளது என்று நிலப்படத்தில் தேடியவர்கள், அக்கதை இடத்தைவிடச் செயலையே நினைவில் வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. அடிமைப்பட்டவரின் வாய்மொழி வரலாறு, தான் அடிமைப்பட்ட முறையைச் சொல்கிறது. அட்லாண்டிக்கின் மறுகரையில் ஆப்பிரிக்க வழியினர் காத்துவந்த கதைகளோடு இதற்கு உள்ள உறவு இத்தகையதே. அதை நிறுவ மூக்கும் குருதியும் தேவைப்படவில்லை.

துடியும் குழலும் சேர்ந்த ஆட்டம், ஓலைச் சுருளில் குன்றிமணி பதித்த காதணி ஆகியவை பணியரின் தன்மதிப்புக்குரிய அடையாளங்களாக இன்று மேடையேறுகின்றன. எனினும் கூடலூரில் தன்மதிப்பு முதலில் வெளிப்பட்டது நிலக் கோரிக்கையில். 1985இல் தொடங்கிய அக்கார்டு அமைப்பின் துணையோடு பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகியோர் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டனர். 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் கூடலூர் நகரில் நில உரிமைக்காக ஊர்வலம் சென்றனர். ஒருவரோடொருவர் மணஉறவோ உண்ணல் உறவோ கொள்ளாத ஐந்து சமூகங்கள் 'ஆதிவாசி' என்ற பொதுப்பெயரைத் தேர்ந்தது, அமெரிக்காவில் பல வழியினர் 'கறுப்பர்' என்ற சொல்லைத் தமதாக்கிக்கொண்டதோடு ஒப்பிடத்தக்கது. வேலையாள் என்று பொருள்படும் பெயரைச் சுமந்தவருக்கு, முதலில் இருந்தவர் என்று பொருள்படும் பெயர் எத்தகைய மாற்றம் என்பதை விளக்கத் தேவையில்லை.

அந்நிலத்தின் சட்டநிலை அதற்குள் வேறொரு பாதையில் சென்றுகொண்டிருந்தது. 1969ஆம் ஆண்டுக் கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் ஜன்மிகளின் உரிமையை அரசிடம் சேர்க்க முயன்றது. அதன் காட்டுநிலப் பகுதியை 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1974இல் அச்சட்டம் முழுமையாக அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்து எழுந்த வழக்கு, 2007இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பாக முடிந்து, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புப் பற்றிய புகழ்பெற்ற முன்தீர்ப்புகளுள் ஒன்றாயிற்று. சட்டக் கல்லூரிகளில் அது ஐ. ஆர். கோயிலோ எதிர் தமிழ்நாடு அரசு என்ற பெயரால் பயிலப்படுகிறது. அத்தலைப்பில் ஒருபுறம் நிலவுடைமையாளர் இருக்கிறார், மறுபுறம் அரசு இருக்கிறது. அந்நிலத்தில் நாற்று நட்டவரின் பெயர் இரு புறத்திலும் இல்லை.